துடுப்புப் பலகையை சிஎன்சி இயந்திரத்தில் செதுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இயந்திரத்திலிருந்து இறக்கிய பலகையில் பிழை தெரிந்ததும் கை முதலில் உப்புத்தாளைத் தேடிப் போகும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கட்டர் விட்டுச்சென்ற வரிகள்தாம் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி. தேய்த்துவிட்டால் பிழை மறைந்துவிடும், காரணம் அப்படியே இருக்கும், அடுத்த பாளத்தில் மறுபடி வந்து நிற்கும்.

நின்றபடி துடுப்பு போடும் பலகைகளைத் தெர்மாகோல் பாளத்திலிருந்து, கணினி ஓட்டும் (சிஎன்சி) மூன்று அச்சு ரவுட்டர் என்ற செதுக்கு இயந்திரத்தில், ஒரு பக்கம் வெட்டித் திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு எளிதாக இருக்க ஒரே பலகையை எடுத்துக்கொள்வோம்: நெடுந்தூரம் போவதற்கான பன்னிரண்டரை அடிப் பலகை. நீளம் 3,810 மி.மீ., அகலம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒன்று, அடுத்தடுத்த பலகைகளில் பிழை அதே இடத்தில், அதே பக்கம், அதே அளவில் வருகிறதா? வந்தால் இயந்திரத்தையோ அதற்குக் கொடுத்த கணினிக் கோப்பையோ சந்தேகிக்கலாம். பலகைக்குப் பலகை மாறினால் பாளத்தைப் பிடித்திருக்கும் விதத்தில்தான் கோளாறு. இரண்டு, பிழை ஓர் இடத்தில் சட்டென்று தொடங்குகிறதா, மெல்ல மெல்ல வளர்கிறதா? சட்டென்று தொடங்குவது, படிப்படியாகச் சுழலும் மோட்டார் தன் படிகளில் சிலவற்றைத் தவறவிட்டதையோ பாளம் நகர்ந்ததையோ காட்டும். மெல்ல வளர்வது அளவுத்திருத்தம், கோணம், வளைவு ஆகியவற்றின் வேலை. இந்த இரண்டு விடைகளும் இல்லாமல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்புகளில் கை வைக்க வேண்டாம். நான் பார்த்த வரையில், இயந்திரத்தின் மேல் போடப்படும் பழியில் பாதிக்கு மேல் பாளத்தின் பிடிமானத்துக்குச் சேர வேண்டியது.

ரெயிலில் (பலகையின் ஓரத்தில்) படி விழுந்திருக்கிறது

பலகையின் ஓரத்தில் மேல்தளத்தின் வெட்டும் அடிப்பக்கத்தின் வெட்டும் சந்திக்கும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அடிக்கடி வரும் புகார் இது. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நான்கும் தங்கள் அடையாளத்தை ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகின்றன.

மூக்கு முதல் வால் வரை ஒரே அளவில் இடது ஓரத்தில் மேல்தளம் துருத்தி, வலது ஓரத்தில் அடிப்பக்கம் துருத்தியிருந்தால், திருப்பிப் போட்டபோது நடுக்கோடு நகர்ந்திருக்கிறது. திருப்பும் அச்சு நடுக்கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகினால், பலகையில் அது 2 மி.மீ. ஆகத் தெரியும். ஆகவே அளந்த படியில் பாதியை மட்டும் ஆஃப்செட்டில், அதாவது தொடக்கப் புள்ளியை நகர்த்தும் அளவில், திருத்துங்கள். முழுவதையும் திருத்தினால் படி மறுபக்கம் போய் நிற்கும்.

மூக்கருகே இடது ஓரத்தில் மேல்தளமும், வாலருகே அதே இடது ஓரத்தில் அடிப்பக்கமும் துருத்தியிருந்தால் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. பாளத்தைக் கோணலாகத் திரும்ப வைத்திருக்கலாம். அல்லது கட்டரைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் இயந்திரப் பாலம், அது ஓடும் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவப் படியைத்தான் விடும். ஒரே ஒரு வேறுபாடு: பாளம் கோணலாக இருந்தால், பலகையின் ஓரம் ஏறக்குறைய நேராக ஓடும் நடுப்பகுதியிலேயே படி தொடங்கி முனை நோக்கி வளரும். பாலம் கோணலாக இருந்தால் நேரான பகுதியில் ஒன்றுமே தெரியாது. ஓரம் வளையும் மூக்கிலும் வாலிலும் மட்டும் தெரியும். இதை விரலால் உணர்வது சிரமம். அதனால் மூலைவிட்டத்தை அளந்துவிடுவதே மேல்.

அளக்கும் முறை இது. கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் கூர்முனை ஒன்றைப் பொருத்தி, மேசை மேல் விரித்த ஒட்டுப்பலகையில் 4,000 மி.மீ. நீளம், 900 மி.மீ. அகலம் கொண்ட செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் புள்ளி குத்த வையுங்கள். கோணம் சரியாக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் மிகச் சரியாக 4,100 மி.மீ. வரும். கால்குலேட்டர் தேவைப்படாத இந்த எண்களைப் பட்டறைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசம், பாலத்தின் கோணலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வித்தியாசம் 4 மி.மீ. என்றால் 900 மி.மீ. அகலத்தில் பாலத்தின் ஒரு முனை சுமார் 2 மி.மீ. பின்தங்கியிருக்கிறது. பாலத்தை இரண்டு மோட்டார்கள் இழுக்கும் இயந்திரங்களில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பாலத்தின் இரு கால்களையும் முனைத்தடுப்புகளில் மோதவிட்டு, பிறகு மின்சாரம் கொடுப்பது எளிய திருத்தம். அந்த முனைத்தடுப்புகளே செங்குத்தாக இருக்கின்றனவா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது அடையாளம்: இரண்டு ஓரங்களிலும் ஒரே தளம் துருத்தியிருப்பது. பக்கவாட்டு நகர்வு இதைச் செய்ய முடியாது. இரு பக்க வெட்டுகளிலும் வெவ்வேறு கட்டர் விட்டம் கொடுக்கப்பட்டதா, நடுவில் கட்டரை மாற்றினீர்களா, உயர அச்சின் ஜீரோவை எங்கே பிடித்தீர்கள் என்று பாருங்கள்.

பாளம் திரும்பி வரும்போது அதே இடத்தில் உட்கார என்ன செய்வது? பலகையின் உருவத்துக்கு வெளியே, மூக்குக்கு முன்னும் வாலுக்குப் பின்னும், பாளத்தின் நடுக்கோட்டில் ஒவ்வொரு துளை போட்டு, மேசையில் நட்ட மரக்குச்சிகளில் மாட்டுவதுதான் நான் நம்பும் முறை. பாளத்தின் விளிம்பை மேசையின் தடுப்பில் ஒட்டி வைப்பதை நம்ப வேண்டாம். தெர்மாகோல் விளிம்பு கட்டைவிரல் அழுத்தத்துக்கே 1 மி.மீ. உள்வாங்கும்.

நீளமும் அகலமும் சொன்னபடி வரவில்லை

இங்கே நாடா வேண்டும், நிதானமும் வேண்டும். நீளத்தில் எவ்வளவு கூடியது, அகலத்தில் எவ்வளவு கூடியது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இரண்டிலும் ஒரே அளவு, உதாரணமாக 3 மி.மீ., கூடியிருந்தால் கட்டரின் விட்டம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 22 மி.மீ. கட்டரை 25 என்று கோப்பில் எழுதினால் பலகை சுற்றிலும் ஒன்றரை மி.மீ. தடித்து வரும். மணல்துகள் பதித்ததுபோன்ற சொரசொரப்பான கட்டர்கள் தேயத் தேய விட்டம் குறையும் என்பதால் இந்தப் பிழை ஓசையில்லாமல் வளரும். மாறாக, நீளத்தில் மட்டும் பிழை என்றாலோ, நீளத்தில் 7, அகலத்தில் ஒன்றரை என்று விகிதாசாரமாகப் பிழை வந்தாலோ, மி.மீட்டருக்கு எத்தனை படிகள் என்ற எண் தவறு.

அந்த எண்ணைக் கணக்கிட்டுப் போட்டால் போதாது, அளந்து திருத்த வேண்டும். 5 மி.மீ. பல் இடைவெளியும் 20 பற்களும் கொண்ட கப்பி ஒரு சுற்றுக்கு 100 மி.மீ. நகர்த்தும். 200 படி மோட்டாரை 16 நுண்படிகளாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200 படிகள், மி.மீட்டருக்கு 32. ஆனால் நான்கு மீட்டர் பெல்ட் இழுவிசைக்கு ஏற்ப நீளும். 3,500 மி.மீ. நகரச் சொல்லி 3,507 நகர்ந்தால், 32-ஐ 3,500-ஆல் பெருக்கி 3,507-ஆல் வகுங்கள்: 31.936. ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் முதல் அச்சுக்கு $100, அடுத்தவற்றுக்கு $101, $102 ஆகிய எண்களில் இதைப் பதியலாம். 300 மி.மீ. அளவுகோலை வைத்து மட்டும் திருத்தாதீர்கள். அதில் அரை மி.மீ. பார்வைப் பிழை ஏற்பட்டால் பன்னிரண்டரை அடிப் பலகையில் அது 6 மி.மீ. தாண்டும்.

பலகை ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்க முயன்றாலோ, இருபத்தைந்து மடங்காக விரிய முயன்றாலோ அங்குலமும் மி.மீட்டரும் இடம் மாறியிருக்கின்றன. இயந்திரத்துக்கான கட்டளைகள் அடங்கிய ஜி-கோட் கோப்பின் தலைப்பகுதியில் ஜி20 இருக்கிறதா, ஜி21 இருக்கிறதா என்று பாருங்கள். முந்தையது அங்குலம், பிந்தையது மி.மீ.

ஓரிரண்டு மி.மீ. நீள வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போகவும் வேண்டாம். வெயில் ஏறிய பிற்பகலில் வெட்டி, பத்து டிகிரி குறைந்த இரவில் அளந்தால் இவ்வளவு நீளத் தெர்மாகோல் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. சுருங்கியிருக்கும்.

ராக்கர் மாறிவிட்டது

மூக்கிலிருந்து வால் வரை ஓடும் வளைவைத்தான் ராக்கர் என்கிறோம். பலகை நீரில் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான், அதனால் இந்தக் கோளாறில் சமரசம் கூடாது. அடிப்பக்கத்தின் நடுவில் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, மூக்கிலும் வாலிலும் சட்டத்துக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நீளச் சட்டம் இல்லையென்றால் நூல் பிடித்து அளக்கலாம். நூல் தொய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த அளவை இரண்டு முறை எடுக்க வேண்டும். முதல் முறை, பாளம் மேசையில் பிடிபட்டிருக்கும்போதே. இரண்டாம் முறை, அவிழ்த்து ஓரிரவு விட்ட பிறகு. பிடிபட்டிருக்கும்போதே தவறு என்றால் கோப்பையும் உயர அச்சையும் பாருங்கள். பிடிபட்டபோது சரியாக இருந்து, அவிழ்த்ததும் மாறினால் தெர்மாகோல் தன் உள் இறுக்கத்தை விடுகிறது, அல்லது கிளாம்ப் அதை வளைத்துப் பிடித்திருந்தது.

உள் இறுக்கம் எங்கிருந்து வருகிறது? தெர்மாகோல் நீராவியில் வார்க்கப்படுவது. ஆலையிலிருந்து வந்த புதுப் பாளத்தில் ஈரமும், மணிகளை ஊதவைத்த பென்டேன் வாயுவின் மிச்சமும் இருக்கும். வாரக்கணக்கில் அவை வெளியேற வெளியேற பாளம் சுருங்கும். வெளித்தோலும் உள்ளும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஒரு பக்கத் தோலைச் சீவி எடுத்ததும் மறுபக்கம் இழுத்து வளைக்கிறது. பாளம் வெட்டத் தயாரா என்று அறிய ஒரு தராசு போதும். வந்த அன்று எடையைப் பாளத்திலேயே எழுதுங்கள். சில நாள் விட்டுவிட்டு நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு வெட்டுங்கள்.

காத்திருக்க நேரமில்லை என்றால், இரு பக்கமும் இறுதி வடிவத்துக்கு 10 மி.மீ. மேலே தடிப்பாக வெட்டி, ஓரிரவு விட்டு, மறுநாள் இறுதி வெட்டைப் போடுங்கள். வளைய வேண்டியது அந்த இரவிலேயே வளைந்துவிடும்.

இந்தத் தொல்லையைப் பழைய தலைமுறைச் செதுக்குநர்கள் இவ்வளவு பட்டதில்லை. அவர்கள் வாங்கிய பாலியூரித்தேன் பாளங்கள் ராக்கரோடும் ஓர வடிவத்தோடுமே வார்க்கப்பட்டு வந்தன. சீவ வேண்டியது கொஞ்சம்தான். அமெரிக்காவில் அந்தச் சந்தையைத் தன் கையில் வைத்திருந்த கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டபோது, பலரும் தெர்மாகோல் பக்கம் திரும்பினார்கள். செவ்வகப் பாளத்தில் பாதிக்கு மேல் வெட்டி எறிகிறோம். உள் இறுக்கம் வெளிப்படும் வாய்ப்பும் அதற்கேற்ப அதிகம். ஆகவே அலைச்சறுக்குப் பலகைகளுக்கான பழைய அறிவுரைகளை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்.

கிளாம்ப் வளைப்பது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் நடக்கும். வளைவாக வெட்டப்பட்ட அடிப்பக்கம் இப்போது கீழே இருக்கிறது. தட்டையான மேசையில் வைத்து அழுத்தினால் மூக்கு கீழிறங்கும். கட்டர் அந்த நிலையில் மேல்தளத்தை வெட்டும். அவிழ்த்ததும் மூக்கு எழும்பும். மேல்தளத்தின் கோடு கெட்டு, மூக்கருகே தடிமன் வரைபடத்தோடு ஒத்துப்போகாமல் நிற்கும். இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. ராக்கர் கோட்டைச் சூடேற்றிய நிக்ரோம் கம்பியால் முதலில் அறுத்தெடுங்கள். அறுத்து விழுந்த மிச்சத் துண்டில் உங்கள் பலகையின் வளைவு அச்சாக இருக்கும். அதையே தொட்டிலாக மேசையில் வைத்து, அதன் மேல் பலகையைப் படுக்க வையுங்கள். கம்பியில் அறுக்கும்போது கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை மூச்சுக்குக் கேடு.

பாதி வழியில் வடிவம் நகர்ந்துவிட்டது

மூக்கிலிருந்து ஒரு தூரம் வரை சரியாக வந்து, ஒரு கோட்டில் சட்டென்று எல்லாம் 5 மி.மீ. தள்ளிப்போயிருக்கிறது. வெட்டு முடிந்ததும் ஸ்பிண்டிலைத் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பச் சொல்லுங்கள். தொடக்கக் குறியில் சரியாக வந்து நின்றால் இயந்திரம் எண்ணிக்கையை இழக்கவில்லை, பாளம்தான் நகர்ந்திருக்கிறது. 5 மி.மீ. தள்ளி நின்றால் மோட்டார் படி தவறியிருக்கிறது.

படி தவறுவதற்குத் தெர்மாகோல் வேலையில் முதல் குற்றவாளி மணிகள். நிலைமின்சாரத்தால் அவை எல்லாவற்றிலும் ஒட்டும். பெல்ட்டின் பற்களுக்குள் புகுந்து நசுங்கி, மெல்லிய படலமாகி, பல்லைக் கப்பியிலிருந்து தூக்கிவிடும். பற்சட்டத்தில் ஓடும் இயந்திரங்களிலும் இதே கதைதான். கையடக்க விளக்கை வைத்துப் பற்களின் அடியைப் பாருங்கள், பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். தூசி உறிஞ்சும் குழாய்க்குள் செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி எர்த்தோடு இணையுங்கள். மணிகள் ஒட்டுவது குறையும். அதைவிட முக்கியமாக, தீப்பொறி ஆபத்தும் குறையும். பாலிஸ்டைரீன் தூசி எரியக்கூடியது.

சுத்தம் செய்தும் தவறினால் முடுக்கத்தைக் குறையுங்கள். நீளப் பாதையில் வேகம் சிக்கலாவதில்லை. திரும்பும் இடங்களில்தான் கனமான பாலத்தை நிறுத்தி இழுக்க மோட்டார் திணறும். ஜிஆர்பிஎல்லில் $120 முதல் $122 வரை.

வேலை நடுவில் இயந்திரம் நின்று அலாரம் 1 காட்டினால், எல்லை சுவிட்ச் அழுந்தியதாக அது நம்புகிறது. யாரும் அழுத்தவில்லை என்றால், சுவிட்சுக்குள் மணி புகுந்திருக்கும், அல்லது ஸ்பிண்டில் கம்பியின் மின்னிரைச்சல் சுவிட்ச் கம்பியில் ஏறியிருக்கும். இரண்டு கம்பிகளையும் ஒரே குழாயில் ஓட்டாதீர்கள், உறையிட்ட கம்பியைப் பயன்படுத்துங்கள். அலாரத்தை நீக்கிவிட்டு அப்படியே தொடர வேண்டாம். நிலையை இழந்த இயந்திரம் அது. மறுபடி ஹோம் செய்து, அதாவது தன் மூல இடத்தைக் கண்டுபிடிக்க வைத்து, பிறகே தொடங்குங்கள்.

மேற்பரப்பு வரிவரியாக, குதறலாக, உருகலாக

ஒழுங்கான வரிகள் கோளாறே ஆகாது, நீங்கள் கேட்டது கிடைத்திருக்கிறது. உருண்டை முனைக் கட்டர் விடும் வரியின் உயரம், பாதைகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 25 மி.மீ. விட்டக் கட்டரில் 8 மி.மீ. இடைவெளி விட்டால் 0.64 மி.மீ. உயர வரி; 5 மி.மீ. விட்டால் 0.25. இடைவெளியைப் பாதியாக்கினால் வரி நான்கில் ஒன்றாகும், நேரம் இரட்டிக்கும். தட்டையான மேல்தளத்தில் அகல இடைவெளியும், ஓரத்தின் வளைவில் நெருக்கமும் கொடுப்பது என் பழக்கம். ஓரத்தில் கையால் தேய்த்தால் வடிவம் கெடும். தளத்தில் நீளக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் கெடாது.

முழு மணிகள் பிடுங்கப்பட்டுக் குழிகுழியாக இருந்தால், கட்டர் மழுங்கியிருக்கலாம், அல்லது பாளமே மட்டமாக இருக்கலாம். வெட்டி எறிந்த துண்டு ஒன்றைக் கையால் உடைத்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மணிகள் குறுக்கே கிழிந்திருந்தால் அவை நன்றாக ஒட்டி வார்க்கப்பட்டிருக்கின்றன. முழு உருண்டைகளாகப் பிரிந்து நின்றால் வார்ப்பு சரியில்லை. எந்தக் கட்டரும் அந்தப் பாளத்தை வழவழப்பாக்காது. கன மீட்டருக்கு 16 கிலோ, 24 கிலோ என்று அடர்த்தியைக் கேட்டு வாங்குகிறோம், ஆனால் இந்த ஒட்டுதலை யாரும் கேட்பதில்லை.

உருகிப் பளபளத்தால் ஸ்பிண்டில் சுழற்சி அதிகம், நகர்வு குறைவு. கட்டர் ஒரே இடத்தில் உரசிச் சூடேற்றுகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். சுழற்சியைக் குறையுங்கள், நகர்வைக் கூட்டுங்கள்.

வரிகளுக்கு நடுவே, நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக ஓர் அலை தெரிந்து, அது எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் வந்தால், வடிவமைப்பு மென்பொருளைத் திறங்கள். ஷேப்3டியோ போர்ட்கேடோ, எதுவானாலும் குறுக்குவெட்டுகளுக்கு இடையே கோட்டை அதுவே நிரப்புகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறுக்குவெட்டுகளைச் சற்றே முரணாக வைத்தால் நடுவில் புடைக்கும். தேவையற்றதை நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நடுவில் ஸ்டிரிங்கர் மேடாக நிற்கிறது

மரச்சட்டம் செருகிய பாளங்களில் இது இயல்பு. மரத்தில் கட்டர் விலகும், தெர்மாகோலில் விலகாது. கடைசிச் சுற்றில் மரத்தின் மேல் வேகத்தைக் குறைத்து ஒரு தனிப் பாதை ஓட்டுங்கள். மிச்ச மேட்டைச் சின்ன இழைப்புளியால் சீவுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மரம் நிற்கும், இரு பக்கமும் தெர்மாகோல் பள்ளமாகும்.

மூக்கு அதிர்கிறது, ஒடிகிறது

மூக்கு மெலிந்த பிறகு அதைப் பிடிக்க ஒன்றுமில்லை. தூசி உறிஞ்சியின் இழுப்பே அதைத் தூக்கிவிடும். மூக்கிலும் வாலிலும் பலகையைப் பாளத்தோடு பிடித்திருக்கும் விரலகல இணைப்புகளை விட்டுவைத்து வெட்டுங்கள். கடைசியில் ரம்பத்தால் அறுக்கலாம். வெட்டு நடக்கும்போது மூக்கைக் கையால் பிடிக்கவே கூடாது.

கொள்ளளவு சந்தேகமாக இருக்கிறது

செதுக்கிய பலகையைத் தராசில் வையுங்கள். 16 கிலோ அடர்த்திப் பாளத்தில் 250 லிட்டர் பலகை 4 கிலோ இருக்க வேண்டும். முழுப் பாளத்தையும் முன்பே நிறுத்து, அதன் கன அளவால் வகுத்து, உண்மையான அடர்த்தியைத் தெரிந்துகொண்டால் கணக்கு இன்னும் நெருக்கமாக வரும். ஸ்டிரிங்கர் இருந்தால் அதன் எடையைக் கழியுங்கள். அரைக் கிலோ கூடினால் ஏறத்தாழ 30 லிட்டர் அதிகம். தடிமனை எங்கே இழந்தோம், எங்கே கூட்டினோம் என்று நடுக்கோட்டில் காலிப்பரை வைத்துத் தேடத் தொடங்க வேண்டிய நேரம் அது.

ஃபின் பெட்டி (வாலடித் துடுப்பை மாட்டும் பெட்டி) சாய்ந்து உட்காருகிறது

மூன்று அச்சு இயந்திரம் எப்போதும் மேசைக்குச் செங்குத்தாகத்தான் குழி தோண்டும். வாலருகே அடிப்பக்கம் ராக்கரால் மேலேறுவதால், குழியின் ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை மேலோட்டமாகவும் வரும். குழியின் அடித்தளத்தை அந்த இடத்து ராக்கர் கோட்டுக்கு இணையாகச் சாய்த்துக் கோப்பில் வரையுங்கள். முடியாவிட்டால், கவிழ்த்து வைத்த பலகையின் வால் பகுதி மட்டமாக வரும்படி வாலின் அடியில் ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து, பெட்டிக் குழியைத் தனி வேலையாகத் தோண்டுங்கள். ஒட்டுவதற்கு எப்பாக்சி மட்டுமே. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியைப் பள்ளமாக்கிவிடும்.